நூற்றைம்பது கிராம்

குன்னூர் ஆணழகன் போட்டிக்கு இன்னும் பதினாறு நாள்.
எழுபது கிலோப் பிரிவு.
என் எடை நேற்று எழுபத்தொன்று புள்ளி நான்கு.
தோசை போயிற்று, சோறு போயிற்று.
பெள்ளி வீட்டுக் கல்யாணத்தில்
எல்லோரும் அவரைக் குழம்பில் கை நனைக்க
நான் மூலையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன்,
மஞ்சளை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல்.
மிச்சமிருக்கும் ஒரே இனிப்பு
சர்க்கரைவள்ளிக் கிழங்கு.
அதுவும் வேளைக்கு நூற்றைம்பது கிராம் என்று
சார்லஸ் மாஸ்டரின் சீட்டில் இருக்கிறது.

கோத்தகிரித் தண்ணீர் அவசரக்குடுக்கை.
அடுப்பில் ஏற்றியதும் தளதளவென்று கொதித்துக் காட்டும்.
கொதியை நம்பிக் கிழங்கை எடுத்தால்
நடுவில் சாக்குக்கட்டி.
மேட்டுப்பாளையத்தில் இருபது நிமிடம் என்றால்
இங்கே முப்பத்தைந்து.
குக்கரில் அடைத்தாலோ
அழுது முடித்த முகம்போல் வெளியே வரும்.
தித்திப்பைத் தண்ணீர் குடித்துவிடும்.
அந்தத் தண்ணீரையும் நான் குடித்திருக்கிறேன்.

எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு வேலை,
ராத்திரி ஷிப்ட்.
கற்பூர மரக் கட்டைகளை உள்ளே தள்ள வேண்டும்.
பதினைந்து கட்டை ஒரு செட் என்று எண்ணிக்கொள்வேன்.
"அதெல்லாம் கணக்கில் சேராதுப்பா,
வலது தோள் மட்டும் வீங்கும்" என்பார் மாஸ்டர்.
சேராவிட்டால் போகட்டும்.
அடுப்புக்குக் கீழே சாம்பல் குழி இருக்கிறதே,
அதை அவர் பார்த்ததில்லை.

காரமடைக் கிழங்கு முதல் பஸ்ஸில் மலையேறி வரும்.
மார்க்கெட்டில் சபுரா அக்கா பொறுக்கித் தருவாள்:
"பருத்ததைத் தொடாதே, நாராக இருக்கும்.
மூணு விரல் கனம், செந்தோல்,
நுனியைக் கிள்ளினால் பால் வரணும்."
கழுவக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.
கனலில் போட்டால் தோல் கரியும், உள்ளே பச்சை.
ஓரத்துச் சாம்பலில் புதைக்க வேண்டும்.
சாம்பலுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

அன்றைக்குப் பதினொரு மணிக்குப் புதைத்தேன்,
ஒற்றைக் கிழங்கு, முன்னூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நனைந்த இலை லாரி லாரியாக வந்து இறங்கியது.
வாடல் தொட்டியின் விசிறி நின்றது.
ஃபிட்டர் ஹாலன் வந்து ஓர் உதை விட்டதும் ஓடியது.
கிழங்கு ஞாபகம் வந்தபோது மணி மூன்றரை.

சுருங்கிக் கிடந்தது,
மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த கையுறை மாதிரி.
நுனி கிள்ளிய இடத்தில் பாகு வழிந்து
கறுத்து உறைந்திருந்தது.
பிட்டேன். தோல் தனி, சதை தனி.
ஆவியில் கற்பூரப் புகையும்
பதநீர் காய்ச்சும் வாசமும்.
உப்பைப் போன வாரமே நிறுத்தியாயிற்று.
பர்லியாற்று மிளகை உள்ளங்கையில் நசுக்கித் தூவி
எலுமிச்சை நாலு சொட்டு விட்டேன்.
ஒரு மாதம் கழித்து
நாக்கு வேலைக்குத் திரும்பியது.

தராசு இருநூற்று அறுபத்தெட்டு என்றது.
நூற்றைம்பதைக் கிள்ளிக் கிள்ளித் தின்றேன்.
விரலையும் நக்கினேன், அது எத்தனை கிராமோ.
மீதியை ஜன்னல் திட்டில் ஆறவைத்துவிட்டுக்
கட்டை எடுக்கப் போனேன்.
காலைக்கு ஆகும். நான் யோக்கியன்.

திரும்பி வந்தால் ஜன்னல் முழுக்க மயிர்.
கரடி.
கண்ணை மூடிக்கொண்டு திட்டை நக்கியது.
மூன்று வருடமாக இரும்பை இழுத்து இழுத்து
நான் கேட்டுக்கொண்டிருக்கும் முதுகு
அதற்குச் சும்மாவே விரிந்திருந்தது.
மார்பில் வெள்ளைக் கோடு,
போட்டிக்கு முன்பே யாரோ மாட்டிவிட்ட
பதக்க நாடா.
ஹாலன் தகரத்தைத் தட்டினான்.
அது பதறவில்லை. ஒருமுறை
பக்கவாட்டில் நின்று காட்டிவிட்டுத்
தேயிலைக்குள் இறங்கியது.
ஆணோ பெண்ணோ, அழகு.

விடிந்ததும் மாஸ்டருக்குத் தினக்கணக்கு அனுப்பினேன்:
நான், நூற்றைம்பது.
கரடி, நூற்றுப் பதினெட்டு.
நெடுநேரம் பதில் இல்லை.
கையில் ஒட்டிய மிளகை முகர்ந்தபடி
பஸ்ஸுக்கு நின்றேன்.
பிறகு ஃபோன் துடித்தது:
"வேகும் முன் எடையா, வெந்த பின்னா?"